தப்பி ஓடும் புழுக்கள் (குழு: அம்மாச்சி வீடு)

சித்தி (மண்டபம்), காலை 5.50: யாராவது விழித்திருக்கிறீர்களா? முந்தாநாள் வைத்த உரத் தொட்டியில் பாதி மண்புழு மூடியில் ஏறி நிற்கிறது. நான்கைந்து அடுப்படித் தரையில் காய்ந்து கிடக்கின்றன.

மாமா: உன் சமையல் அதற்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

சித்தி: விளையாடாதீர்கள் அண்ணே. அரைக் கிலோ புழுவைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

அக்கா (பரமக்குடி): சித்தி, படுக்கைக்கு என்ன போட்டீர்கள்?

சித்தி: தென்னை நார்க்கழிவும் காய்ந்த சாணமும். உலர்ந்திருந்ததால் போர்த் தண்ணீர் இரண்டு செம்பு தெளித்தேன்.

அக்கா: சோப்புகூட நுரைக்காத அந்த உப்புத் தண்ணீரையா! புழு தோலால்தான் மூச்சு விடுகிறது. உப்பு அந்தத் தோலின் ஈரத்தை இழுத்துவிடும். நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துதான் போட வேண்டும்.

சித்தி: காவிரித் தண்ணீரைக் குடிக்கவே குடம் எண்ணிப் பிடிக்கிறேன். நாருக்கு எங்கே போவேன்?

அக்கா: அப்படியானால் நாரையே எடுத்துவிடுங்கள். பழைய செய்தித்தாளைக் கிழித்து, நல்ல தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது.

மாமா: தின்ன என்ன கொடுத்தாய்?

சித்தி: வெங்காயத் தோல், வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, கொஞ்சம் நகரை மீன் தலை, நேற்றைய புளிக்குழம்பு.

அக்கா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாமா: நீக்குவதற்குள் படித்துவிட்டேன்.

அக்கா: மீன், கருவாடு, குழம்பு, ஊறுகாய், எலுமிச்சைத் தோல் எதுவும் வேண்டாம். உப்பு படாத காய்கறித் தோலை மட்டும் ஒரு தடவைக்கு 100 கிராம் போடுங்கள். அது தீர்ந்த பிறகுதான் அடுத்தது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள்.

நான்: அம்மாச்சி குரல் செய்தி அனுப்பியிருக்கிறது. கேட்க முடியாதவர்களுக்கு எழுதுகிறேன்: "மீன் தலையைத் தென்னை மூட்டில் புதைத்துத்தான் இத்தனை வருடம் காய் பறித்தேன். புழுவுக்கு எதற்கடி மீன்? முதலில் உன் கோழியைப் பிடித்துக் கட்டு."

சித்தி: கோழி கூட்டில்தான் இருக்கிறது அம்மா. இப்போது எறும்பு வேறு வருகிறதே?

அக்கா: தொட்டியை முக்காலியில் ஏற்றி, அதன் கால் ஒவ்வொன்றையும் ஒரு கிண்ணத் தண்ணீரில் நிறுத்துங்கள். உங்கள் போர்த் தண்ணீரை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்! தகரக் கொட்டகை மட்டும் வேண்டாம், வெந்துவிடும். 35 டிகிரிக்கு மேல் போனால் தாங்காது.

சித்தி, மாலை 6.40: மாற்றிவிட்டேன். செய்தித்தாளுக்குள் இறங்குகின்றன. இன்னும் சில மட்டும் சுவரில் ஊர்கின்றன.

அக்கா: இரண்டு மூன்று இரவு மூடியைத் திறந்து, மேலே விளக்கு எரியட்டும். வெளிச்சம் பிடிக்காமல் உள்ளேயே கிடக்கும்.

சித்தி, இரவு 11.15: விளக்கு எரிகிறது. ஒன்றும் வெளியே இல்லை. சித்தப்பாதான் தூக்கம் வராமல் திண்ணைக்குப் போய்விட்டார்.

சித்தப்பா: இங்கே கொசு.