டேங்க் மூடிக்குக் கீழே மஞ்சள் கோடு, பிறைக் கீறல்: என்ன செய்யலாம்?

ஹட்டன்_வெள்ளை:
வணக்கம். வெள்ளை நிற ஓல்டோ கார். டேங்க் மூடிக்கு நேர் கீழே விரல் அகலத்தில் ஒரு மஞ்சள் கோடு சக்கர வளைவு வரைக்கும் இறங்கியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பிறை வடிவில் மெல்லிய கீறல்கள். மூடி வாரில் தொங்கி ஆடுகிற இடம் அது. பெற்றோல் ஷெட்டில் மூடியைக் கழற்றி அப்படியே தொங்க விடுகிறார்கள். டேங்க் நிரம்பி நொசில் தானாக நிற்கும் கிளிக் விழுந்த பிறகும் கணக்கை ரவுண்டாக்க இரண்டு மூன்று தடவை அமுக்குகிறார்கள். நுவரெலியாவில் ஃபுல் டேங்க் அடித்துக்கொண்டு கொழும்புக்கு இறங்கினால் மூடியைச் சுற்றி ஈரமும் பெற்றோல் மணமும். அவிசாவளையில் அடித்துக்கொண்டு மேலே வந்து திறந்தால் 'புஸ்' என்று சத்தம். மூடி பழுதா? கோட்டை எடுக்க முடியுமா? அந்தப் பக்கம் முன்பு ஒருமுறை பெயின்ட் அடித்தது.

கொட்டகலை_ஸ்பேனர்:
சத்தம் பழுது இல்லை தம்பி. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். கடல் மட்டத்தோடு பார்த்தால் வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டேங்குக்குள் இருக்கும் ஆவி வெளியே தள்ளப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஒரே திருகில் திறந்தால் அந்த ஆவியோடு துளிகளும் தெறித்து வாய் விளிம்பிலும் பெயின்ட்டிலும் விழும். கால் சுற்று திருப்பி, சத்தம் அடங்கும் வரை கையை எடுக்காமல் நின்று, பிறகு மிச்சத்தைத் திருப்புங்கள்.

கொழும்பில் வருகிற ஈரத்துக்குக் காரணம் அந்தக் கடைசி இரண்டு மூன்று அமுக்கு. பெற்றோல் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம் விரியும். காலைக் குளிரில் 15 பாகையில் 35 லீட்டர் அடித்து, 30 பாகை வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் அரை லீட்டர் கூடுகிறது. அது விரிவதற்கென்றே டேங்குக்கு மேலே இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தையும் நிரப்பிவிட்டால் டேங்க் கழுத்து (பெற்றோல் ஊற்றும் குழாய்) வழியாகத்தான் ஏறி வரும். புதிய வாகனங்களில் அது ஆவியை உறிஞ்சும் கரிப் பெட்டிக்குள்ளும் போய் அதைக் கெடுத்துவிடும். அதைப் புதிதாகப் போடுவது பெயின்ட் செலவை விடப் பெரிய செலவு.

அதனால் ஃபுல் டேங்க் கேட்காதீர்கள், ரூபாய்க் கணக்கில் கேளுங்கள். தொகையை பம்பில் முதலே அமுக்கிவிட்டால் தானாக நிற்கும், ரவுண்டாக்கும் வேலையே வராது. ஃபுல் டேங்க்தான் வேண்டுமென்றால் நொசிலை வைக்கும் முன்பே "அண்ணே, முதல் கிளிக்கோட போதும்" என்று சொல்லிவிடுங்கள்; அடித்து முடிந்த பிறகு சொல்லிப் பயனில்லை. கிளிக் விழுந்ததும் நொசிலை இழுக்கவும் கூடாது. உள்ளே வைத்தபடி பத்து எண்ணி, முனையை மேலே பார்க்கத் திருப்பி, அதன் அடியில் துணியைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். கோடு விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கடைசிச் சொட்டுதான்.

இன்னொன்று, நம்ம பக்கத்து ஷெட்டுகள் பலவற்றில் தரை சரிவு. மூடிப் பக்கம் பள்ளமாக நின்றால் கழுத்து முதலில் நிரம்பி, பெற்றோல் விளிம்பு வரை வந்து நிற்கும். முடிந்தவரை சமதரை பம்பாகப் பாருங்கள். மூடி எந்தப் பக்கம் என்பதைப் பல கார்களில் மீற்றரில் பம்ப் படத்துக்குப் பக்கத்திலுள்ள சிறு அம்பு காட்டும். அந்தப் பக்கத்தை பம்புக்குக் கொடுத்தால் ஹோஸ் பின்பக்க டிக்கியின் மேல் உரசாது.

ஊவா_பொலிஷ்:
பெயின்ட் விஷயம் நான் சொல்கிறேன். கம்பெனிப் பெயின்ட்டில் மேலே உள்ள க்ளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) 40, 50 மைக்ரோன்தான். ஆனாலும் நன்றாகக் காய்ந்து இறுகியது. ஒரு சொட்டு பெற்றோலுக்கு அது கரையாது. கரைவது வேக்ஸ். பெற்றோல் ஆவியானதும் அதிலுள்ள சாயமும் சேர்மானங்களும் படிந்து மஞ்சளாகத் தெரியும். டீசல் எளிதில் ஆவியாகாது, எண்ணெய்ப் படலமாக நின்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும். குளிர் ஊரில் பெற்றோலும் மெதுவாகத்தான் காயும். கொழும்பில் தப்பிக்கும் துளி நுவரெலியாவில் கூடுதல் நேரம் நின்று வேலை செய்யும்.

உங்களுடையது திரும்ப அடித்த பெயின்ட். அது 2கே பெயின்ட்டா (ஹார்ட்னர் கலந்து இறுக வைப்பது), என்சி பெயின்ட்டா (தின்னரில் கரைத்து அடிக்கும் நைட்ரோசெலுலோஸ்) என்று முதலில் பார்க்க வேண்டும். என்சி பெற்றோலுக்கும் தின்னருக்கும் இளகும். மூடிக் கதவின் உள்பக்கம், அதே பெயின்ட் பட்ட ஒரு மூலையில், தின்னர் தொட்ட கருநிறத் துணியைப் பத்து விநாடி அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ நிறம் ஒட்டினாலோ அது என்சி.

2கே என்றால் வழி இருக்கிறது. முதலில் கார் ஷாம்பு. போகாவிட்டால் ஐசோப்ரொபைல் அல்கஹோலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் தொட்டுத் துடையுங்கள். பிறகு மெல்லிய பொலிஷ், கையால், கோட்டின் நீளத்துக்கு மட்டும். பிறைக் கீறலை நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் மாட்டாவிட்டால் இதே பொலிஷில் மங்கிவிடும். கடைசியில் வேக்ஸ். மூடிக்குக் கீழே மட்டும் மாதம் ஒருமுறை போடுங்கள். காரில் வேக்ஸ் முதலில் போகிற இடம் அதுதான்.

சிந்தினால் காய்ந்த துணியால் தேய்க்கவே கூடாது, ரோட்டு மண் கீறிவிடும். அரை லீட்டர் போத்தலில் தண்ணீரும் இரண்டு சொட்டு ஷாம்பும் வைத்திருங்கள். முதலில் ஒற்றி எடுத்து, பிறகு ஊற்றி, பிறகு துடையுங்கள். அந்தத் துணியைக் காருக்குள்ளோ டிக்கியிலோ போட வேண்டாம், ஆவி பிடிக்கும். வெளியே காய விட்டு எடுங்கள்.

ஹட்டன்_வெள்ளை:
ரொம்ப நன்றி அண்ணா. சோதித்துப் பார்த்தேன், துணி பிசுபிசுக்கிறது, வெள்ளையும் ஒட்டுகிறது.

ஊவா_பொலிஷ்:
அப்போ என்சிதான். அல்கஹோலைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், சவர்க்காரத் தண்ணீரும் கைப் பொலிஷும் மட்டும். மஞ்சள் உள்ளே இறங்கியிருந்தால் அது போகாது. பெயின்ட் அடிக்கும் பாஸிடம் கொடுக்கும்போது மூடிக் கதவையும் அந்தப் பக்கத் தகட்டையும் 2கேயில் அடிக்கச் சொல்லி வாயால் கேட்டு உறுதி செய்யுங்கள். பழைய என்சியை முழுக்க எடுக்காமல் மேலே 2கே அடித்தால் சுருங்கி வெடிக்கும்.

கொட்டகலை_ஸ்பேனர்:
பெயின்ட்டுக்கு முன் மூடியைப் பாருங்கள் தம்பி. உள்ளே உள்ள ரப்பர் வளையம் தட்டையாகியோ வெடித்தோ இருந்தால் வளைவுக்கு வளைவு கசியும். மாற்று மூடி வாங்கினால் அதே மொடலுக்கு உரியதாகவே வாங்குங்கள். காற்று உள்ளே விடும் வால்வு இல்லாத மூடி போட்டால் டேங்குக்குள் வெற்றிடம் பிடித்து இஞ்சின் இழுக்காது.

மூடிக் கதவின் உள்பக்கத்தில் கொக்கியோ பள்ளமோ இருந்தால் மூடியை அதில் மாட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் வாரைக் கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பூட்டும்போது எத்தனை கிளிக் என்று பல மூடிகளில் எழுதியிருக்கும், சிலதுக்கு ஒன்று, சிலதுக்கு மூன்று.

கதவுக்குள்ளே மூடி இருக்கும் குழியின் அடியில் ஒரு வடிகால் துளை இருக்கும். மழைக்காலத்தில் இலைத் தூளும் மண்ணும் அடைத்து, தண்ணீர் தேங்கித் துரு அங்கேதான் தொடங்கும். மூடியை இறுக்கிப் பூட்டிவிட்டு அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றுங்கள், சக்கரத்துக்குப் பின்னால் ஒழுக வேண்டும். ஒழுகாவிட்டால் புல்வெட்டி மெஷினில் போடும் நைலோன் நூலை விட்டுக் குத்துங்கள். கம்பி விடாதீர்கள், அடியிலுள்ள ரப்பர்க் குழாயைக் கிழித்துவிடும். பெயின்ட்டுக்குக் கொடுக்கும் நாளில் பாஸ் அந்தத் துளையை டேப்பால் மூடியிருந்தால், வாகனத்தை எடுக்கும்போது டேப்பை உரித்தாரா என்று குனிந்து பாருங்கள்.