மறு: மண்ணில் இடும் பொருட்களுக்குப் பொதுச்சொல், காம்ஃப்ரிக்குப் பெயர்

எல்லோருக்கும் வணக்கம்.

நம் தோட்டக்கலைச் சொற்பட்டியலுக்காக இந்த இழையில் பேசும் மூன்று நான்கு சொற்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: மண்ணின் குறையைச் சரிசெய்ய இடும் பொருட்களுக்கு (ஆங்கிலத்தில் soil amendment) ஒரு பொதுச்சொல், அதற்கு வந்த பரிந்துரைகளில் ஒன்று "மண்திருத்தி"; உரமாகப் பயன்படும் காம்ஃப்ரி என்ற ஐரோப்பியச் செடிக்கும் அதன் இலையில் செய்யும் திரவத்துக்கும் பெயர். பிரித்துப் பிரித்துப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> தோட்ட மண்ணில் சேர்க்கும் எல்லாவற்றுக்கும் "மண் வளமூட்டி" என்று வைத்துவிடலாமே. படித்ததும் புரிகிறது.

புரிகிறது, ஆனால் தவறாகப் புரிகிறது. "ஊட்டி" என்றாலே உணவு. நமக்கு இப்போது சொல் தேவைப்படுவதோ ஊட்டாத பொருட்களுக்கு. களர் மண்ணில் ஜிப்சம் எதற்காக இடுகிறோம்? களித்துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியத்தை ஜிப்சத்தின் கால்சியம் வெளியே தள்ளும். பிறகு நன்றாகத் தண்ணீர் பாய்ச்சினால் சோடியம் கரைந்து கீழே இறங்கிவிடும். இறுகிக் கிடந்த மண் பொலபொலப்பாகும். வடிகால் இல்லாத நிலத்தில் இது நடக்காது, எவ்வளவு கொட்டினாலும். அமில மண்ணில் இடும் சுண்ணாம்பும் அப்படித்தான். மண்ணிலேயே இருந்தும் வேருக்கு எட்டாமல் கட்டுண்டிருந்த மணிச்சத்து (பாஸ்பரஸ்), அமிலத்தன்மை குறைந்ததும் எட்டத் தொடங்கும். கந்தகத்தூள் இதற்கு நேர்மாறு: மண் பாக்டீரியாக்கள் அதை மெல்ல மெல்லக் கந்தக அமிலமாக மாற்றிக் காரத்தன்மையைக் குறைக்கும், மாதக்கணக்கில் ஆகும். உயிர்க்கரியை (மண்ணில் இடுவதற்கென்றே செய்யும் கரி, biochar) எடுத்துக்கொண்டால் இன்னும் வேடிக்கை. வெறும் கரியாக இட்டால் அது ஊட்டுவதற்குப் பதிலாக, இருக்கும் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் முதலில் மட்கோடு (கம்போஸ்ட்) கலந்து வைத்துவிட்டு இடச் சொல்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் வளமூட்டி என்று பெயர் வைத்தால், இலை மஞ்சளானதும் ஜிப்சம் அள்ளிப் போடும் ஆட்களை நாமே உருவாக்கியதாகிவிடும்.

> "மண்திருத்தி"யில் சட்டமன்ற வாசனை அடிக்கிறது. அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தது போல இருக்கிறது.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. காடு திருத்திக் கழனியாக்குவதும் நிலம் திருத்துவதும் சட்டமன்றங்களுக்கு வெகுகாலம் முந்தியவை. களர் நிலச் சீர்திருத்தம் என்ற வழக்கும் வேளாண் துறையில் ஏற்கெனவே இருக்கிறது. "திருத்தி" என்ற ஈறும் உயிரோடுதான் இருக்கிறது, கணினியில் பிழைதிருத்தி இல்லாமல் நம்மில் யார் எழுதுகிறோம்?

இந்தச் சொல்லை நான் ஆதரிக்க வேறொரு காரணமும் உண்டு. திருத்துவது என்றால் ஏதோ ஒரு குறை இருக்கிறது என்று பொருள். "மண்திருத்தி இடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், "என் மண்ணில் என்ன குறை?" என்று எதிர்க்கேள்வி தானாக எழும். மண் பரிசோதனை செய்யாமல் சுண்ணாம்பு இடுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கார மண்ணில் சுண்ணாம்பு இட்டால் இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் போய்விடும்.

"மண் பதமாக்கி" என்று எழுதியவருக்கு: அருமையான சொல், ஆனால் அதன் எல்லை சிறியது. பதம் என்பது கைக்குத் தெரிவது. ஈரம் நிற்பது, காற்றோட்டம், கட்டி உடைவது போன்றவை. மட்கு, இலைமட்கு, நார்க்கழிவு, உயிர்க்கரி ஆகியவற்றுக்கு அது கச்சிதம். சுண்ணாம்பும் கந்தகமும் முக்கியமாக வேதியியல் வேலை செய்கின்றன, அவற்றைப் பதமாக்கி என்று சொல்ல நாக்கு தயங்குகிறது. ஆகவே மண்திருத்தி பொதுச்சொல், அதற்குள் ஒரு வகை பதமாக்கி என்று வைக்கலாம். உரம் தனி. ஒரே பொருள் இரண்டு வேலையும் செய்யலாம் (தொழு உரம் செய்கிறது), அதில் தவறில்லை. எதற்காக இடுகிறோமோ அதன்படி எழுதிக்கொள்ளலாம்.

> மண் + திருத்தி புணர்ந்தால் மட்டிருத்தி என்றல்லவா வரவேண்டும்?

ஐயா, இலக்கணப்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் மண்புழு மட்புழுவாகாமல்தான் நம்மிடையே நெளிந்துகொண்டிருக்கிறது. மட்டிருத்தி என்று அச்சிட்டால் ஏதோ இருக்கை என்று நினைப்பார்கள். மண்திருத்தியாகவே இருக்கட்டும்.

> காம்ஃப்ரி மிகச் சிறந்த இயற்கை மண்திருத்தி என்று பதிவில் எழுதியிருக்கிறேன். ஒப்புதல் வேண்டும்.

இதற்கு மட்டும் ஒப்புதல் தர மாட்டேன். சொல்லை இவ்வளவு சண்டை போட்டுப் பிரித்தது இந்த மாதிரி வாக்கியத்தைத் தவிர்க்கத்தான்.

காம்ஃப்ரி இலையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பகுதி நீர். சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஏராளம், தழைச்சத்தும் (நைட்ரஜன்) குறைவில்லை. கரிக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 10:1. மண் நுண்ணுயிர்களுக்கு 24:1 அளவில் இருந்தாலே வயிறு நிறையும். அதனால் இந்த இலை சீக்கிரமே அழுகி, சத்தை விட்டுவிட்டு, சக்கை என்று அதிகம் எதையும் மிச்சம் வைக்காமல் மறைந்துவிடும். மண்ணின் உடம்பை மாற்ற அந்தச் சக்கை வேண்டும். மரத்தூள் மறுமுனையில் நிற்கிறது: கரி மிக அதிகம், பச்சையாக மண்ணுக்குள் புதைத்தால் அதை மட்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும்.

காம்ஃப்ரி வளர்ப்பவர்கள் காலங்காலமாகச் செய்யும் ஒரு கலவை இதை நன்றாகக் காட்டும். இலைமட்கையும் நறுக்கிய காம்ஃப்ரி இலையையும் அடுக்கடுக்காகப் போட்டு மூடிவைப்பார்கள். இலைமட்கில் சத்து அதிகமில்லை, ஆனால் கடற்பஞ்சு போல ஈரம் பிடிக்கும். காம்ஃப்ரி அழுகி வடியும் சாற்றை அது குடித்துக்கொள்ளும். சில மாதங்களில் நாற்று வளர்க்கத் தோதான கலவை கிடைக்கும். அதில் பதமாக்கி இலைமட்கு, உரம் காம்ஃப்ரி. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், கலவை ஏன் வேலை செய்கிறது என்பதே தெரியாமல் போகும்.

தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு நுட்பமான பிரிவினை உண்டு. அதே வயலில் விதைத்து மடக்கி உழுதால் பசுந்தாள் உரம், வேறிடத்தில் வெட்டிக் கொண்டுவந்து போட்டால் பசுந்தழை உரம். காம்ஃப்ரி பசுந்தழை உரம். மடக்கி உழவே கூடாது, ஏனென்றால் அறுபட்ட ஒவ்வொரு வேர்த்துண்டும் புதுச் செடியாகும். உழுதால் தோட்டம் முழுக்க காம்ஃப்ரிதான். வெட்டிய இலையைச் செடியின் அடியில் பரப்பினால் மூடாக்கு. இந்த இரண்டு சொல்லும் போதும், பதிவை அப்படித் திருத்திவிடுங்கள்.

> செடிக்கே ஒரு தமிழ்ப் பெயர் வேண்டாமா? "எலும்பொட்டி" எப்படி?

ஐரோப்பாவில் இதன் பெயர்கள் பலவும் எலும்பு கூடுவதைச் சுற்றியே வருகின்றன என்பது உண்மைதான், சிம்ஃபைட்டம் என்ற பேரினப் பெயர் உட்பட. ஆனாலும் வேண்டாம். முதலாவது, அந்தப் பெயரில் வேறொரு செடி ஏற்கெனவே இருக்கிறது, அவரைக் குடும்பத்து ஆர்மோகார்ப்பம். இரண்டாவது, அதைவிடப் பெரிய காரணம்: மருந்து மணக்கும் பெயரை வைத்தால் யாராவது கஷாயம் வைப்பார்கள். காம்ஃப்ரியில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் இருக்கின்றன, அவை கல்லீரலைக் கெடுப்பவை. உள்ளுக்குச் சாப்பிடும் காம்ஃப்ரி தயாரிப்புகளைச் சந்தையிலிருந்து எடுக்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001-இல் நிறுவனங்களிடம் சொன்னது. நம் தேள்கொடுக்குச் செடியிலும் இதே வகை ஆல்கலாய்டுகள் உண்டு, ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு யாருக்கும் பருகத் தோன்றாது. பெயர் வைத்தவர் வாழ்க.

காம்ஃப்ரி என்றே எழுதுவோம். இரகத்தையும் குறிப்பது நல்லது. இயற்கைத் தோட்டக்கலை முன்னோடி லாரன்ஸ் ஹில்ஸ் இங்கிலாந்தின் பாக்கிங் என்ற இடத்தில் தேர்ந்தெடுத்த "பாக்கிங் 14" மலட்டு இரகம், முளைக்கும் விதை தராது, வேர்த்துண்டால்தான் பெருகும். சாதாரண காம்ஃப்ரி விதையாலும் பரவும். தோட்டக்காரருக்கு இந்த வேறுபாடு பெயரைவிட முக்கியம்.

> இலையை ஊறவைத்த நீருக்கு "காம்ஃப்ரி டீ" என்பதே உலக வழக்கு.

மேலே சொன்ன அதே காரணத்துக்காக டீ கூடாது. சாறும் கூடாது. ஊறல் என்று ஒருவர் எழுதியிருந்தார், அதற்கு வேறு மாதிரி வாசகர்கள் வந்துவிடுவார்கள். நமக்குக் கரைசல் என்ற சொல் கைவசம் இருக்கிறது, இயற்கை வேளாண்மை செய்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தழைக்கரைசல் என்றுதான் நானும் முதலில் எழுத நினைத்தேன். ஆனால் தழைச்சத்துக் கரைசல் என்று படித்துவிடுவார்கள், இதில் மிகுதி சாம்பல்சத்தாயிற்றே. அதனால் இலைக்கரைசல். தண்ணீர் சேர்க்காமல் இலையை வாளியில் அடைத்து, மேலே கல் ஏற்றி, அடியில் சொட்டும் கறுப்புத் திரவத்தைச் சேர்ப்பது வேறு முறை. அதற்கு இலைவடி என்று தனிச்சொல் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அது அடர்த்தி. பத்து முதல் இருபது மடங்கு தண்ணீரில் கலந்துதான் ஊற்ற வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் யாரோ ஒருவர் இலைவடியை அப்படியே செடிக்கு ஊற்றுவார். நாற்றத்தைப் பொறுத்தவரை கரைசல்தான் மோசம், மூடி போட்டு வையுங்கள்.

கடைசியாக, "ஊட்டத்திரட்டி". ஆழத்திலிருந்து சத்தை மேலே கொண்டுவரும் செடி என்ற பொருளில் இது வருகிறது. இலையில் சாம்பல்சத்து மிகுந்திருப்பது அளந்து பார்த்த விஷயம். அது ஆழத்திலிருந்துதான் வந்தது என்பது அதிலிருந்து தானாகத் தேறாது, மேல்மண்ணிலிருந்தும் எடுத்திருக்கலாம். மேலும், ஒரு மூலையில் வளர்த்து வெட்டி இன்னொரு பாத்திக்குக் கொண்டுபோனால், அந்த மூலையில் சத்து குறைந்துகொண்டே வரும், அங்கும் ஏதாவது எரு இட வேண்டும். சொல் இருக்கட்டும், விளக்கத்தில் "ஆழத்திலிருந்து" என்பதை எடுத்துவிடலாம்.

மண்திருத்தி, பதமாக்கி, இலைக்கரைசல், இலைவடி நான்குக்கும் விளக்கம் எழுதி நாளை அனுப்புகிறேன். ஜிப்சம் பதிவை மட்டும் களர் நிலத்தில் வேலை செய்த அனுபவமுள்ளவர் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்க்கரியா மரக்கரியா என்ற கேள்விக்குத் தனி இழை தொடங்கலாம், இதிலேயே சேர்த்தால் இந்த வருடத்தில் முடியாது.