புது எலெக்ட்ரிக் பிக்கப்பில் கதவு இடைவெளி, காற்று விசில்: கீல் கோளாறா, பாடி கோளாறா?

வண்டி வந்து சில மாதம்தான் ஆகிறது. நான்கு கதவு, கேபினும் பின்தொட்டியும் ஒரே பாடியாகச் சேர்ந்த டிசைன். ஃபோர்டின் எஃப்-150 லைட்னிங் பிக்கப் மாதிரி சேசிஸ் மேல் தொட்டி தனியாக உட்காரும் வண்டிகளில் கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே இடைவெளி விட்டே ஆகவேண்டும், சேசிஸ் வளையும். என் பிரச்சினை அது இல்லை, கதவில்.

இடது பின்கதவின் பின்விளிம்பில் இடைவெளி மேலே 3 மி.மீ., கீழே 6 மி.மீ. வலது பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. 80 கி.மீ. வேகம் தாண்டினால் அந்தக் கதவின் மேல்மூலையில் விசில், எஞ்சின் சத்தமே இல்லாத வண்டியில் அது நேராகக் காதில் குத்துகிறது. மழையில் ஓட்டினால் உள்பக்க ரப்பரின் கீழ்முனையில் ஈரம்.

ரப்பர் மேல் காகிதத் துண்டு வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தேன்: மற்ற இடங்களில் இறுக்கமாக நிற்கிறது, அந்த மேல்மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வருகிறது. அங்கே வெளியே மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டினால் விசில் இல்லை. சர்வீசில் ரப்பரை மாற்றினார்கள், அப்புறம் லாக் கொக்கியை உள்ளே தள்ளினார்கள். கதவு அழுத்தமாக மூடுகிறது, ஆனால் இடைவெளி அப்படியேதான். "அனுமதித்த அளவுக்குள்தான்" என்கிறார்கள், அந்த அளவை எழுத்தில் தர மறுக்கிறார்கள். இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு சொல்லும் பதில் இல்லை இது.

கீலைத் தளர்த்தி அட்ஜஸ்ட் செய்தால் தீருமா, கதவு உட்காரும் பாடிச் சட்டமே கோணலா என்பதை, கதவைக் கழற்றாமல் எப்படி உறுதி செய்வது?