விண்டர்மியர் நீராவிப் படகுகள்: பாய்லர் பக்கம் நிற்பவர்களுக்கு

இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் ஓடும் சிறு நீராவிப் படகுகளில் முதலில் கவனிக்க வேண்டியது நெருப்பை அல்ல, பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸை. பாய்லரோடு அதை இணைக்கும் துளை அடைத்திருந்தாலும் கண்ணாடியில் தண்ணீர் தெரியும், ஏமாந்துவிடக் கூடாது. பிரஷர் ஏறியதும் அடி வடிகுழாயைத் திறந்து, ஸ்டீம் பக்கம், தண்ணீர்ப் பக்கம் இரண்டும் தனித்தனியே பீறிடுகிறதா என்று பாருங்கள். வடிகுழாயை மூடியதும் மட்டம் சட்டென்று ஏற வேண்டும். மெல்ல ஏறினால் தண்ணீர்ப் பக்கம் அடைப்பு.

அடுத்தது எஞ்சின். குளிர்ந்த சிலிண்டருக்குள் போகும் ஸ்டீம் தண்ணீராகிவிடும். தண்ணீரை அமுக்க முடியாதே, சிலிண்டர் மூடி உடையும். சிலிண்டர் வடிகால்களைத் திறந்து வைத்து, எஞ்சினை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து, வெறும் ஆவி வரும்வரை பொறுங்கள்.

———

வேலை முடிந்த ஸ்டீமைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சர் உள்ள படகென்றால் எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலிண்டருக்கு விடும் எண்ணெய் ஸ்டீமோடு கண்டென்சருக்கும், அங்கிருந்து அந்தத் தண்ணீர் சேரும் ஹாட்வெல் தொட்டிக்கும், கடைசியில் பாய்லருக்குமே போய்ச் சேரும். தகட்டில் மெல்லிய படலமாகப் படிந்தால் சூடு தண்ணீருக்கு இறங்காது, தகடுதான் காயும். தண்ணீர் நுரைத்து ஸ்டீமோடு எஞ்சினுக்குள் வருவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ஹாட்வெல்லில் துவாலைத் துணியோ நம்ம பீர்க்கங்கூடோ வைத்து வடிகட்டலாம். பீர்க்கங்கூடு நன்றாகவே பிடிக்கும், அழுக்கேறியதும் மாற்றினால். எண்ணெயையே குறைத்து விடுவது அதைவிட மேல்.

———

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் உச்சியிலோ அடியிலோ நின்றுவிட்டால் ஸ்டீம் விட்டாலும் நகராது, கையால் சுழற்றிவிட வேண்டும். 1850 வாக்கில் கட்டப்பட்டு, 1895இல் அல்ஸ்வாட்டர் ஏரியில் மூழ்கி, 1962இல் மேலே எடுக்கப்பட்ட ‘டாலி’ படகு அந்த ரகம். ஒரே ஸ்டீமை உயர் அழுத்தச் சிலிண்டரிலும் பிறகு தாழ் அழுத்தச் சிலிண்டரிலும் பயன்படுத்தும் இரட்டைச் சிலிண்டர் காம்பவுண்டிலும் உயர் அழுத்தச் சிலிண்டர் அப்படி மாட்டும். தாழ் அழுத்தச் சிலிண்டருக்கு நேரடி ஸ்டீம் விடும் வால்வு இருந்தால் பிழைத்தீர்கள். கரையோரம் திருப்பும்போது அது இல்லாமல் முடியாது.

———

ஸ்டீமின் வேகத்தால் பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் இன்ஜெக்டர் தண்ணீர் ஏற்றவில்லை என்றால் உடனே கழற்றாதீர்கள். ஹாட்வெல் வெந்நீரை இழுத்தால் அதற்குள் ஸ்டீம் குளிர்ந்து தண்ணீராகாது, வேலை நின்றுவிடும். இன்ஜெக்டருக்கு ஏரித் தண்ணீர், ஹாட்வெல் வெந்நீரைப் பாய்லருக்கு ஏற்றப் பம்பு. இங்கே மென்னீர் என்பதால் பாய்லரில் உப்புப் படிவு குறைவு. தேம்ஸ் தண்ணீரில் அந்தச் சலுகை இல்லை.

படகுத்துறை நெருங்கும் முன்பே நெருப்பின் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டாம்பரை மூடி, பாய்லருக்குக் கொஞ்சம் தண்ணீர் ஏற்றுங்கள். நின்றபிறகு மூடினால் சேஃப்டி வால்வு கத்தும். மிஞ்சும் ஸ்டீமுக்கு விண்டர்மியர்காரர்கள் கண்ட வழி, உள்ளே ஸ்டீம் சுருள் வைத்த கெட்டில். சில நொடிகளில் டீக்குத் தண்ணீர் கொதித்துவிடும்.