செர்பிய எழுத்தைச் சீர்திருத்திய வூக் கராஜிச், அவருக்குத் துணைநின்ற அறிஞர் கோப்பித்தார் (Kopitar): இவர்கள் கல்லறைகளை நேரில் போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பெல்கிரேடில் படித்தவர்:
செர்பிய மொழி கற்கப் போன முதல் வாரமே ஆசிரியை எங்களை சபோர்னா தேவாலய வாசலுக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் வூக் கராஜிச்சின் கல்லறை. "சில நாளிலேயே எழுத்துக்கூட்டி வாசிக்கிறீர்களே, இவரால்தான்" என்றார். உண்மைதான். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து, பேசுவதுபோல் எழுது என்பதே அவர் வழி. செர்பியர் எழுதும் சிரிலிக் எழுத்துமுறையில் வேண்டாத எழுத்துகளைக் கழித்தார். 'ய்' ஒலிக்கு மட்டும் லத்தீன் எழுத்து ஒன்றை எடுத்துக்கொண்டார். அந்த ஒரு எழுத்துக்காக செர்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அவரைக் கத்தோலிக்கர் கையாள் என்றே சந்தேகித்தது! முறையான படிப்பு குறைவு, கால் ஊனம், கட்டைக்காலோடுதான் நடமாட்டம். அப்படிப்பட்டவர் 1818இல் 26,000க்கும் மேற்பட்ட சொற்களோடு அகராதி வெளியிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஜெர்மனிலும் லத்தீனிலும் பொருள். அந்தக் கல்லருகே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

வியன்னாவில் வேலை செய்பவர்:
வூக்கைச் சொன்னால் யெர்னெய் கோப்பித்தாரையும் சொல்லியே ஆகவேண்டும். ஸ்லோவீனியர், இங்கே அரசவை நூலகத்தில் வேலை, ஸ்லாவிய (செர்பியம், ஸ்லோவீனியம் போன்ற மொழிகளின்) நூல்களுக்குத் தணிக்கையாளரும் அவரே. 1813இல் துருக்கியருக்கு எதிரான செர்பிய எழுச்சி நசுக்கப்பட்டதும் வூக் வியன்னாவுக்குத் தப்பி வந்தார். அவர் எழுதியது தணிக்கைக்காக கோப்பித்தார் மேசைக்குப் போனது. படித்துவிட்டு, எழுதியவரை அவரே தேடிப் போய்ப் பார்த்தார். அடுத்த ஆண்டே வூக்கின் இலக்கணமும் நாட்டுப்பாடல் தொகுப்பும் வந்துவிட்டன. அகராதிக்கும் கோப்பித்தார் கூடவே உழைத்தார். பிறகு மிக்லோசிச்சையும் வளர்த்துவிட்டவர் அவர்தான். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் 1849இல் ஸ்லாவிய மொழியியலுக்கு முதல் பேராசிரியர் ஆனவர் அந்த மிக்லோசிச்.

நான் இசைமேதை மோட்சார்ட்டின் கல்லறைக்காக இங்குள்ள சாங்க்ட் மார்க்ஸ் இடுகாட்டுக்குப் போனேன். வூக்கும் கோப்பித்தாரும் அதே மண்ணில்தான் கிடந்தார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. 1897இல் ஒருவரை பெல்கிரேடுக்கும் மற்றவரை ஸ்லோவீனியத் தலைநகர் லியுப்ளியானாவுக்கும் கொண்டுபோனார்களாம். அதன் பிறகு அந்த இடத்தில் மோட்சார்ட்டை மட்டும் நினைக்க முடியவில்லை.

லியுப்ளியானா போனவர்:
கோப்பித்தார் இப்போது ரயில் நிலையத்துக்குப் பின்னால் நாவ்யே என்ற சின்னப் பூங்காவில் இருக்கிறார். நான் போன காலையில் ஆளே இல்லை. அவர் 1844இல் இறந்தார். வூக்கின் எழுத்துமுறையை செர்பிய அரசு முழுதாக ஏற்றது 1868இல். வூக்கும் இறந்து நான்கு ஆண்டு கழித்து. அங்கே நிற்கும்போது இதுதான் மனதை அறுத்தது. வழியில் வாங்கிய பூவை வைத்துவிட்டு வந்தேன்.