சான்றிதழைத் திரும்பப் பெற வழி சொல்லுங்கள்

வணக்கம். கோவையில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான சிகிச்சை மையம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக நடத்தைப் பயிற்சியாளராக வேலை செய்கிறேன். நாளுக்கு எட்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். ஒரு குழந்தை வெளியே வரும்போதே அடுத்த குழந்தை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். குறிப்புகளை இரவில் வீட்டில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஐந்து வயதுப் பையன் என் முன்கையைக் கடித்துவிட்டான். அவன்மேல் துளியும் வருத்தமில்லை. பக்கத்து அறையில் சுவரைத் துளையிடும் சத்தத்தை அவனால் தாங்க முடியவில்லை. ஆனால் மருத்துவச் செலவை நான்தான் கொடுத்தேன், அரை நாள் சம்பளமும் பிடித்தார்கள்.

நாங்கள் 14 பேர். பத்துப் பேர் இருந்தாலே, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டே! கேட்டால், "நீங்கள் இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறீர்கள்" என்கிறார்கள். இரண்டு வருடமாகவா?

விலகலாமென்றால் என் அசல் பட்டச் சான்றிதழ் அவர்களிடம் இருக்கிறது. முதலில் தொழிலாளர் துறையில் மனு கொடுப்பதா, வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதா? இப்படி மீட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பையன் இப்போதுதான் தண்ணீர்க் குவளையை விரலால் சுட்டிக் கேட்கத் தொடங்கியிருக்கிறான். அவனுக்கு வேறு ஆள் பழகும்வரையாவது அங்கே இருக்க விரும்புகிறேன்.