எண்ணக்கருக் கலையில் கைமாறும் தாளுக்கு என்ன பெயர்?

மட்டக்களப்பு:
பொருளைவிட எண்ணமே படைப்பாகும் எண்ணக்கருக் கலையில் (conceptual art), கலைஞர் கையொப்பமிட்டு வாங்குபவரிடம் கொடுக்கும் தாளை ‘நம்பகச் சான்றிதழ்’ என்று எழுதி வருகிறோம். போதாது. இத்தாலியக் கலைஞர் கட்டெலானின் ‘கொமெடியன்’ (2019) சுவரில் ஒட்டிய ஒரு வாழைப்பழமும் ஒட்டுநாடாவும். நிலத்திலிருந்து 175 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒட்ட வேண்டும். 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை பழத்தை மாற்ற வேண்டும். 2024இல் ஒரு பிரதி 62 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. பழத்தை உரித்துத் தின்ற பின்னும், படைப்பின் உரித்து (உரிமை) வாங்கியவருடையதே. கைமாறியது தாள். காணிக்குச் சொல்வதுபோல் ‘உறுதி’ (உரித்து ஆவணம்) என்போம்: கலையுறுதி.

காரைதீவு:
> காணிக்குச் சொல்வதுபோல் ‘உறுதி’

அண்ணன், காணி உறுதி தொலைந்தாலும் காணி கிடக்கும். பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அமெரிக்கக் கலைஞர் சொல் லெவிற்றின் (Sol LeWitt) சுவர் வரைபுகளுக்கு அந்த வழி இல்லை. வேறிடம் போகும்போது பழைய சுவருக்கு வெள்ளை பூசிவிடுவார்கள். வரைபடத்தையும் குறிப்பையும் வைத்துப் புதுச்சுவரில் வேறு ஆட்கள் வரைவார்கள். தாள் தொலைந்தால் சுவரில் கோடு இருந்தும் விற்க முடியாது. 2012இல் தாளைத் தொலைத்த காட்சிக்கூடத்தின் மீது அமெரிக்காவில் வழக்கே போனது. தமிழ்நாட்டு வாசகருக்கோ உறுதி என்றால் திடம். ‘பத்திரம்’ என்றால்தான் விளங்கும்.

அக்கரைப்பற்று:
‘பத்திரம்’ நமக்குப் படிவம்போல ஒலிக்கும். இத்தாலியக் கலைஞர் மன்சோனியைப் பாருங்கள். 1961இல் உயிருள்ள ஆட்களில் கையெழுத்திட்டுக் கலைப்படைப்பாக்கி, தாளும் கொடுத்தார். சிவப்பு முத்திரை என்றால் ஆள் சாகும்வரை முழுவதும் படைப்பு. மஞ்சள் என்றால் குறித்த உறுப்பு மட்டும். பச்சை என்றால் குறித்த நிலையில் மட்டும். ஊதா சிவப்பைப் போன்றதே, ஆனால் காசு கொடுத்துப் பெற்றது. சிவப்பு அச்சொட்டாக நம்மூர்ச் சீவிய உரித்து (ஆயுள்வரை மட்டுமான உரிமை)! சந்தையைக் கேலி செய்யச் சட்டமொழியையே எடுத்த ஆளுக்கு, உறுதி எழுதும் நொத்தாரிசின் சொல்தான் பொருந்தும்.

ஆனால் பிரெஞ்சுக் கலைஞர் இவ் க்ளைனை (Yves Klein) இதற்குள் அடக்க வேண்டாம். அவர் தங்கத்துக்கு வெற்றுவெளியை விற்றுக் கொடுத்தது பற்றுச்சீட்டு. வாங்கியவர் அதை எரித்தால், க்ளைன் தங்கத்தில் பாதியை பாரிஸின் செய்ன் ஆற்றில் எறிவார். அப்போதுதான் வெளி முழுதாக வாங்கியவருக்குச் சேரும். எரித்து உரிமை பெறும் தாள் உறுதியாகாது.

மட்டக்களப்பு:
சரி. க்ளைனுக்குப் பற்றுச்சீட்டு என்றே இருக்கட்டும். பழம் ஒட்டும் உயரம், மாற்றும் நாள், சுவரில் வரையும் முறை எல்லாம் ‘நிறைவேற்றுக் குறிப்பு’ எனத் தனிச்சொல்லாகட்டும். அதை உறுதியோடு சேர்த்தால் குழப்பம். அகராதிக்கு இப்படி அனுப்புகிறேன்:

கலையுறுதி (பெ.): பொருள் மாறினாலும் அழிந்தாலும் படைப்பின் உரித்தைக் கைமாற்றும், கலைஞர் கையொப்பமிட்ட ஆவணம். காணி உறுதிபோலன்றி, தொலைந்தால் மறுபிரதியை எதிர்பார்க்க முடியாது. தமிழ்நாட்டில்: கலைப்பத்திரம்.